கைமாறிய பித்து: த்ரூபோவின் 'பக்கத்து வீட்டுப் பெண்'

பிரெஞ்சு நெறியாளர் பிரான்சுவா த்ரூபோவின் 'லா ஃபாம் தா கோத்தே' 1981 செப்டெம்பரில் வெளியானது. தலைப்பைத் தமிழில் 'அடுத்த வீட்டுப் பெண்' என்று சொன்னால் எமது வாசகர்களில் மூத்தவர்களுக்கு அஞ்சலிதேவி நடித்து 1960 இல் வந்த நகைச்சுவைப் படமே முதலில் ஞாபகத்துக்கு வரும். ஆகவே 'பக்கத்து வீட்டுப் பெண்' என்றே இங்கு குறிப்பிடுகிறேன். பிரெஞ்சு மொழியில் 'ஃபாம்' என்ற சொல் பெண்ணையும் குறிக்கும், மனைவியையும் குறிக்கும். ஆதலால் இத்தலைப்பைப் 'பக்கத்து வீட்டு மனைவி' என்றும் படிக்கலாம். ஒரு பெண்ணுக்குள் இருக்கும் இந்த இரண்டு பேருக்கும் இடையில்தான் படம் நடக்கிறது.

கதையைச் சில வரிகளில் சொல்லிவிடலாம். பிரான்ஸின் தென்கிழக்கில், அல்ப்ஸ் மலையடிவாரத்தில் கிரனோபிள் நகரம் இருக்கிறது. அதற்கு அண்மித்த ஒரு கிராமத்தில் பெர்னார் தன் மனைவி ஆர்லெட்டுடனும் சிறு மகனுடனும் அமைதியாக வாழ்கிறான். எதிரில் காலியாகக் கிடந்த வீட்டுக்குப் பிலிப்பும் அவனது மனைவி மத்தில்டும் குடிவருகிறார்கள். பல ஆண்டுகளுக்கு முன்னர் பெர்னாரும் மத்தில்டும் காதலர்களாக இருந்து, ஒருவரை ஒருவர் காயப்படுத்திப் பிரிந்தவர்கள். இது ஆர்லெட்டுக்கும் தெரியாது, பிலிப்புக்கும் தெரியாது. இருவரும் தத்தம் துணையிடம் அதைச் சொல்லாமல் விடுகிறார்கள். படத்தின் முதல் தவறு அந்த மௌனம்தான். பின்னால் நடப்பவை எல்லாம் அதற்குச் செலுத்தப்படும் வட்டி. பழைய உறவு மீண்டும் பற்றிக்கொள்கிறது, வெளிப்படுகிறது, அடங்கியதாகத் தோன்றுகிறது. கடைசியில் ஓர் இரவில், காலி செய்யப்பட்ட அதே வீட்டில், மத்தில்ட் பெர்னாரைச் சுட்டுவிட்டுத் தன்னையும் சுட்டுக்கொள்கிறாள்.

முடிவைச் சொல்லிவிட்டதற்காக வாசகர் கோபிக்கத் தேவையில்லை. த்ரூபோவே அதைத் தொடக்கத்தில் சொல்லிவிடுகிறார். விடியும் வேளையில் விரைந்து செல்லும் அம்புலன்ஸை மேலிருந்து காட்டித்தான் படம் ஆரம்பமாகிறது. என்ன நடந்தது என்பதை ஒளித்து வைப்பதில் அவருக்கு அக்கறை இல்லை. எப்படி இந்த இடத்துக்கு வந்து சேர்ந்தார்கள் என்பதே அவரது கேள்வி.

இப்படத்தைப் பற்றி எமது இலக்கிய நண்பர்களிடையே இரண்டு விதமான பேச்சுகளைக் கேட்டிருக்கிறேன். ஒரு சாராருக்கு இது அமரகாதல். சாவில் ஒன்று சேர்ந்த இருவரின் காவியம். மறு சாராருக்கு இது எமது பத்திரிகைகள் மூன்றாம் பக்கத்தில் 'கள்ளத் தொடர்பு' என்று தலைப்பிடும் செய்தியின் பிரெஞ்சு வடிவம். இரு குடும்பங்களைச் சீரழித்த ஒழுக்கக்கேட்டை எதற்காக நாம் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்பது அவர்களின் கேள்வி. எதிரெதிராகத் தோன்றும் இவ்விரு பேச்சுகளும் ஒரு விடயத்தில் ஒத்துப்போகின்றன. இரண்டுமே கதையைக் கடைசியிலிருந்து, துப்பாக்கி வெடித்த இடத்திலிருந்து பின்னோக்கி வாசிக்கின்றன. ஆகவே நடுவில் நடந்த முக்கியமான ஒன்று அவற்றின் கண்ணில் படுவதில்லை. இப்படத்தில் காதற்பித்து ஒருவரிடமிருந்து மற்றவருக்குக் கைமாறுகிறது. அது கைமாறும் விதத்தில் ஆணுக்கு ஒரு நீதியும் பெண்ணுக்கு ஒரு நீதியும் இருக்கின்றன. நான் இங்கு பேச விரும்புவது அதைத்தான்.

முதற் பகுதியில் நிதானமாக இருப்பவள் மத்தில்ட். தொலைபேசியில் முதலில் பேசுபவளும் அவளே. பெர்னார் இங்கிருப்பது தெரியாமல்தான் வந்தோம், அயலவர்களாக, நண்பர்களாக இருக்கலாம் என்பது அவளது எண்ணம். பெர்னாரால் அது முடிவதில்லை. ஆர்லெட் புதிய அயலவர்களை இராச் சாப்பாட்டுக்கு அழைத்திருக்கும் நாளில், வேலை இருப்பதாகச் சாட்டுச் சொல்லி அவன் வீட்டுக்கு வராமலே இருந்துவிடுகிறான். பின்னர் சுப்பர் மார்க்கட் ஒன்றின் வாகனத் தரிப்பிடத்தில் இருவரும் முத்தமிடுகிறார்கள். மத்தில்ட் அந்த இடத்திலேயே மயங்கி விழுகிறாள். சினிமாவில் எத்தனையோ முத்தங்களைப் பார்த்திருக்கிறோம். முத்தத்தில் ஒருத்தி நினைவிழந்து விழுவதை இவ்வளவு சாதாரணமான ஓரிடத்தில், சாமான் வாங்க வந்தவர்களின் கார்களுக்கு நடுவில் காட்டியவர்கள் குறைவு. மனம் மறந்துவிட்டதாக நம்பியதை உடல் மறக்கவில்லை என்பதை வசனம் ஏதுமின்றி அக்காட்சி சொல்லிவிடுகிறது.

அதன் பிறகு ஹோட்டல் அறைச் சந்திப்புகள். இங்கிருந்து பெர்னார் மாறுகிறான். ஒதுங்கி ஓடியவன் துரத்துபவனாகிறான். மத்தில்ட் இதை நிறுத்திக்கொள்ள விரும்புகிறாள். அவள் விலக விலக அவனது வெறி கூடுகிறது. பிலிப்பும் மத்தில்டும் பயணம் புறப்படுவதற்கு முன் தமது தோட்டத்தில் ஒரு விருந்து வைக்கிறார்கள். அங்குதான் பெர்னார் தன் கட்டுப்பாட்டை முற்றாக இழக்கிறான். தன் மனைவியும் அவளது கணவனும் அத்தனை விருந்தினரும் பார்த்து நிற்க அவளைத் துரத்திப் பிடித்து அடிக்கிறான்.

படத்தின் மையம் இந்தக் காட்சி. இதற்குப் பிறகு நடப்பதை ஊன்றிக் கவனிக்க வேண்டும். பெர்னார் தன் மனைவியிடம் உண்மையைச் சொல்கிறான். ஆர்லெட் துயரப்படுகிறாள், ஆனால் அவனை விட்டுப் போவதில்லை. வேலைக்குப் போகிறான், வீடு திரும்புகிறான், மகனோடு இருக்கிறான். வெறி வெளியே வந்து கொட்டியதும் அவன் குணமடைந்துவிட்டான். கொஞ்சக் காலம் தடம் புரண்ட நல்ல மனிதனாக அவனை ஊர் ஏற்றுக்கொள்கிறது. அடி வாங்கியவளோ நோயாளியாகிறாள். பயணத்திலிருந்து திரும்பிய மத்தில்ட் மெல்ல மெல்ல ஒடிந்து, டெனிஸ் கழகத்தில் ஒருநாள் நிலைகுலைந்து விழுந்து, வைத்தியசாலையில் சேர்க்கப்படுகிறாள். இருவரும் சேர்ந்து சுமந்த ஒன்றை அவன் இறக்கி வைத்துவிட்டான். முழுப் பாரமும் அவள் தலையில் ஏறியது. அவன் செய்தது 'கோபம்' என்ற பெயரைப் பெறுகிறது. அவளுக்கு வந்தது 'வருத்தம்' என்ற பெயரைப் பெறுகிறது. கோபம் தணிந்துவிடும் என்று எல்லோரும் நம்புகிறார்கள். வருத்தத்துக்கு மருந்து கொடுக்கிறார்கள்.

வைத்தியசாலையில் படுத்திருக்கும் மத்தில்ட் வானொலிப் பாட்டுகளை மட்டும் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பாட்டுகள் உண்மையைச் சொல்கின்றன, அவை எவ்வளவு அசட்டுத்தனமாக இருக்கின்றனவோ அவ்வளவுக்கு உண்மையாக இருக்கின்றன என்ற கருத்துப்பட அவள் பேசுகிறாள். நீயின்றி வாழ்வில்லை என்ற பல்லவியைப் பழைய சினிமாப் பாட்டுகளில் ஆயிரம் முறை கேட்டுப் புன்னகைத்தவர்கள் நாம். அந்தப் புன்னகைக்குள் இருக்கும் பாதுகாப்பு மத்தில்டிடம் இப்போது இல்லை. மருத்துவரின் மொழி அவளுக்குப் போதவில்லை. கணவனின் பரிவான மொழியும் போதவில்லை. மிஞ்சியது மலிவான பாட்டின் மொழி. ஒரு பெண்ணின் பித்துக்கு அவளது சமூகம் வைத்திருக்கும் சொற்கள் எவ்வளவு குறைவு என்பதை அக்காட்சி காட்டுகிறது.

லைலா மஜ்னூன் கதையை அருகில் வைத்துப் பார்க்கும்போது இது மேலும் துலக்கமாகிறது. 'மஜ்னூன்' என்ற அரபுச் சொல்லின் வேரில் ஜின் இருக்கிறது. ஜின் பிடித்தவன், பித்தன் என்பதே பொருள். பாரசீகக் கவி நிஸாமி 12 ஆம் நூற்றாண்டில் அக்கதையைக் காவியமாக்கியபோது கைஸ் என்ற இளைஞனின் பித்துக்கு எத்தனை இடங்கள் கிடைத்தன என்று எண்ணிப் பாருங்கள். பாலைவனம் அவனுக்குக் கிடைத்தது. காட்டு விலங்குகள் அவனைச் சூழ்ந்திருந்தன. தந்தை அவனைக் கஃபாவுக்கே அழைத்துச் சென்றார். காதல் நீங்க வேண்டும் என்று கேட்க வேண்டிய இடத்தில், அது கூட வேண்டும் என்று அவன் துஆக் கேட்டான். அவன் வாயிலிருந்து கவிதை பிறந்தது. ஸூபிகள் அதில் இறைகாதலின் சாயலைக் கண்டார்கள். லைலாவுக்கோ வீடு மட்டுந்தான். அவளை இன்னொருவருக்கு மணமுடித்துக் கொடுத்தார்கள். தன் இஷ்க்கை உள்ளே வைத்துக்கொண்டு அவள் மரித்துப்போனாள். ஆணின் பித்து காவியமானது. பெண்ணின் பித்து நோயானது. கிரனோபிளின் வைத்தியசாலைக் கட்டிலில் கிடப்பவளை நான் ஒரு மஜ்னூனாகப் பார்க்கவில்லை. பாலைவனம் கிடைக்காத ஒரு லைலாவாகவே பார்க்கிறேன். அவள் கடைசியில் கையில் எடுத்தது கவிதையாக இருந்திருக்கலாம். துப்பாக்கியாகிவிட்டது.

த்ரூபோ இதைச் சத்தமிட்டுச் சொல்வதில்லை. ஆட்களின் தொழில்களைத் தெரிவு செய்ததிலேயே சொல்லிவிடுகிறார். பெர்னார் வேலை செய்யும் இடத்தில், பெரிய எண்ணெய்க் கப்பல்களின் கப்டன்மாருக்குச் சிறிய மாதிரிக் கப்பல்களை ஏரியில் ஓடவிட்டுப் பயிற்சியளிக்கிறார்கள். பிலிப் விமான நிலையத்தில் வானப் போக்குவரத்தைக் கட்டுப்படுத்துபவன். மோதல்களைத் தவிர்ப்பதே இரு ஆண்களுக்கும் பிழைப்பு. ஏரியிலும் வானத்திலும் அந்தக் கலை பலிக்கிறது. இரு வீடுகளுக்கு இடையிலுள்ள சிறிய வீதியில் பலிப்பதில்லை. மத்தில்ட் சிறுவர் புத்தகங்களுக்குப் படம் வரைபவள். மூவரிலும் கற்பனையோடு வேலை செய்பவள் அவள் ஒருத்திதான். அதற்கான விலையைக் கொடுப்பவளும் அவளே.

வில்லியம் லுப்சான்ஸ்கியின் ஒளிப்பதிவில் இரு வீடுகளும் எப்போதும் ஒன்றையொன்று பார்த்துக்கொண்டிருக்கின்றன. ஒரு வீட்டு யன்னலில் நின்றால் மற்ற வீட்டு வாசல் தெரியும். நகரத்தில் இந்த இருவரும் ஒருவருக்கொருவர் தொலைந்து போயிருக்கலாம். கிராமத்தில் வெளிச்சம் எரிவதும் அணைவதும்கூடச் செய்தியாகிவிடுகிறது. அயல் என்பது ஆறுதலாகவும் காவலாகவும் ஒரே நேரத்தில் இருப்பதை எமது ஊர்களில் வாழ்ந்தவர்களுக்கு விளக்கத் தேவையில்லை. ஜோர்ஜ் தெலெரூவின் இசை பல இடங்களில் ஒதுங்கி நிற்கிறது. தேவையான இடத்தில் மட்டும் உள்ளே வருகிறது.

படத்தில் இன்னொரு பெண் இருக்கிறாள். என் வாசிப்பில் அவள் மத்தில்டுக்குச் சமமானவள். டெனிஸ் கழகத்தை நடத்தும் மதாம் ஜூவ் தான் கதைசொல்லி. வெரோனிக் சில்வர் அப்பாத்திரத்தில் நடித்திருக்கிறார். ஆரம்பத்தில் கெமராவை நேரே பார்த்துப் பேசுகிறார். நீங்கள் என்னை டெனிஸ் விளையாடுபவள் என்று நினைத்திருப்பீர்கள் என்பதுபோலச் சொல்லி, கெமராவைப் பின்னுக்குப் போகச் சொல்கிறார். கெமரா பின்வாங்கியதும் அவரது ஊனமான கால் தெரிகிறது. இளமையில் ஒருவன் கைவிட்டதற்காக உயரத்திலிருந்து குதித்து உயிர் பிழைத்தவர் அவர். படத்தின் இடையில் அந்த மனிதன் இத்தனை காலத்துக்குப் பிறகு அவரைத் தேடி வருகிறான் என்ற செய்தி வருகிறது. மதாம் ஜூவ் அவன் வருவதற்கு முன்னரே ஊரை விட்டுப் போய்விடுகிறார். அவனைக் காண அவர் விரும்பவில்லை. அவனுக்குத் தன்னைக் காட்டவும் விரும்பவில்லை.

திரும்பி வரும் பழைய காதலை எதிர்கொள்ள இப்படம் இரண்டு வழிகளை வைக்கிறது. கதவைத் திறப்பது ஒன்று. வீட்டைப் பூட்டிக்கொண்டு போய்விடுவது மற்றொன்று. இரண்டாவது வழியில் போனவர் உயிரோடிருக்கிறார். ஆனால் நொண்டுகிறார். ஒன்று சரி, மற்றது பிழை என்று த்ரூபோ தீர்ப்புக் கூறவில்லை. இரண்டுக்கும் உரிய கூலியை மட்டும் காட்டுகிறார். இப்படத்தை ஒழுக்கக்கேட்டின் பிரசாரம் என்று சொல்பவர்கள் மதாம் ஜூவை மறந்துவிட்டே பேசுகிறார்கள்.

அவர் கதை சொல்லும் பாங்கும் எமது கவனத்துக்குரியது. புறம் பேசுவதைச் சகோதரனின் மாமிசத்தை உண்பதற்கு ஒப்பிட்டுக் கண்டித்த மார்க்கம் எமது மார்க்கம். அயலவரின் அந்தரங்கம் பற்றிய எந்தக் கதையும் அந்த எல்லையை மிதித்துவிடும் அபாயத்தோடுதான் சொல்லப்படுகிறது. மதாம் ஜூவ் அந்த இருவரையும் அறிந்தவர். என்றாலும் அவரது பேச்சில் வம்பின் ருசி இல்லை, நீதிபதியின் தொனியும் இல்லை. தன் உடலில் அதே காயத்தைத் தாங்கியவர் கொடுக்கும் சாட்சியமாகவே அது இருக்கிறது. எமது சிறுகதைகளில் இத்தகைய கதைசொல்லி அரிதாகவே தென்படுகிறார். ஊரில் நடந்த ஓர் 'ஓட்டம்', ஒரு 'தொடர்பு' பற்றி எழுதும்போது நாம் பெரும்பாலும் பள்ளிவாசல் விசாரணைக் குழுவின் கதிரையில் அமர்ந்துவிடுகிறோம். இல்லையென்றால் அக்குழுவைத் திட்டும் கதிரையில் அமர்ந்துவிடுகிறோம். நொண்டிக்கொண்டு பக்கத்தில் நடந்துவரும் ஒருவரின் இடத்திலிருந்து கதை சொல்ல எமக்கு இன்னும் பழக்கம் வரவில்லை.

த்ரூபோவின் ஏனைய படங்களை அறிந்தவர்களுக்கு இந்தக் கருப்பொருள் புதிதல்ல. 1962 இல் வந்த 'ஜூல் அண்ட் ஜிம்' இல் கத்தரீன் தன் காதலனைக் காரில் ஏற்றிக்கொண்டு ஆற்றுக்குள் பாய்கிறாள். 1964 இன் 'மென்மையான தோல்' இல் வஞ்சிக்கப்பட்ட மனைவி கணவனைச் சுடுகிறாள். 1975 இல் விக்டர் ஹ்யூகோவின் மகள் அதேலின் உண்மைக் கதையை அவர் படமாக்கினார். ஒரு படை அதிகாரியைக் கடல் கடந்து பின்தொடர்ந்த அவள், இறுதியில் அவனே எதிரில் வந்து நிற்கும்போது அடையாளம் தெரியாமல் கடந்து போகிறாள். பித்துக்கு அதன் காரணமே தேவையற்றுப் போகும் கணம் அது. 'ஜூல் அண்ட் ஜிம்' இல் கத்தரீன் தன் சாம்பலைக் காற்றில் தூவ வேண்டும் என்று விரும்பியிருந்தாள். சட்டம் அனுமதிக்கவில்லை. இங்கும் இருவரையும் சேர்த்து அடக்கம் செய்ய எவரும் அனுமதிக்கப்போவதில்லை என்று மதாம் ஜூவ் சொல்கிறார். தன்னிடம் கேட்டால், உன்னோடும் முடியாது, நீயின்றியும் முடியாது என்று பொருள்படும் ஒரு வாசகத்தை அவர்களின் கல்லறையில் எழுதுவேன் என்கிறார். நிஸாமியின் காவியத்தில் லைலாவின் கப்ரின் மேல் உயிர்விடும் மஜ்னூன் அவளருகிலேயே அடக்கப்படுகிறான். காவியம் கொடுத்த அந்தச் சலுகையை நவீன வாழ்வு மறுத்துவிடுகிறது.

குறைகளையும் சொல்ல வேண்டும். ஆர்லெட் பாத்திரத்துக்குத் த்ரூபோ நியாயம் செய்யவில்லை. மிஷெல் போம்கார்ட்னர் அமைதியாகவும் நேர்த்தியாகவும் நடித்திருக்கிறார். ஆனால் பொறுத்துக்கொள்ளும் மனைவி என்ற ஒரே கோட்டுக்கு அப்பால் எழுத்து அவரை அழைத்துச் செல்வதில்லை. அவளுக்கு என்ன நேர்ந்தது என்பதை அறிய படம் அவளது அறைக்குள் அதிக நேரம் இருப்பதில்லை. பித்தின் நீதி பெண்ணுக்குப் பாதகமாக இருப்பதைக் காட்டிய ஒரு படம், பித்துப் பிடிக்காத பெண்ணைக் கண்டுகொள்ளாமல் விட்டிருக்கிறது. சிறுவனான மகனின் நிலையும் அவ்வாறே. கைப்பையிலிருந்து துப்பாக்கி வெளிவருவதும் சற்று இலகுவாக நடந்துவிடுகிறது. எனினும், யன்னற் கதவு இரவுக் காற்றில் அடித்துக்கொள்ளும் சத்தத்தைக் கேட்டுப் பெர்னார் எழுந்து இருண்ட வீட்டுக்குள் போகும் அந்த நிமிடங்கள் அக்குறையை மறக்கச் செய்கின்றன.

இன்று இப்படத்தைப் பார்ப்பவர் தவிர்க்க முடியாத இன்னொன்றும் உண்டு. பெர்னாராக நடித்தவர் ஜெரார் தெபார்தியூ. 2021 இல் நடந்த ஒரு படப்பிடிப்பில் பணியாற்றிய இரண்டு பெண்கள் மீது பாலியல் தாக்குதல் புரிந்த குற்றத்துக்காக 2025 மே மாதம் பாரிஸ் நீதிமன்றம் அவருக்கு 18 மாத ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனை விதித்தது. மேன்முறையீடு செய்வதாக அவரது தரப்பு அறிவித்தது. அந்தப் படத்தில் அவரோடு நடித்த ஃபனி ஆர்தான் வழக்கில் அவருக்கு ஆதரவாகச் சாட்சியமளித்தார். மத்தில்டாக நடித்தவர் அவர்தான். 1981 இல் எடுத்த காட்சியைக் கொண்டு 2025 இன் தீர்ப்பை விளக்குவதோ, தீர்ப்பைக் கொண்டு காட்சியை அளப்பதோ விமர்சனமாகாது. ஆயினும் தோட்டத்து விருந்தில் விழும் அடியை இனி எவராலும் பழைய கண்ணோடு பார்க்க முடியாது. அந்த அடியைக் காதலின் உச்சமென்று ஒரு காலத்தில் இரசித்த விமர்சன மொழி இனிச் செல்லுபடியாகாது. படத்துக்கு அதனால் நட்டமில்லை. அந்த அடியின் விலை என்ன, அதை யார் செலுத்தினார் என்பதைத் த்ரூபோவின் கெமரா அன்றே எழுதி வைத்திருக்கிறது.

த்ரூபோ 1984 ஒக்டோபரில் தமது 52 ஆவது வயதில் மூளைக் கட்டியால் இறந்தார். இதற்குப் பின்னர் அவரால் ஒரேயொரு படத்தைத்தான் முடிக்க முடிந்தது. அதிலும் ஆர்தான்தான் நாயகி. 1959 இல் 'நானூறு அடிகள்' மூலம் ஒரு சிறுவனின் தனிமையைச் சொல்ல வந்தவர், இரண்டு தசாப்தங்கள் கடந்து ஒரு நடுத்தர வர்க்கக் கிராமத்தின் இரண்டு வீடுகளுக்குள் அதே தனிமையைக் கண்டெடுத்தார்.

இப்படத்தைப் பார்க்கப் போகிறவர்கள் மேலே சொன்ன இரண்டு பெயர்களையும், அமரகாதல், கள்ளத் தொடர்பு என்ற இரண்டையும், கொஞ்ச நேரம் வெளியில் விட்டுவிட்டு வரட்டும். விருந்துக் காட்சி முடிந்ததும் நாற்பது ஐம்பது நிமிடங்கள் மீதமிருக்கும்போது, எல்லோரும் யாரைத் தேற்றுகிறார்கள், யாரை வைத்தியரிடம் அனுப்புகிறார்கள் என்பதை மட்டும் கவனித்துப் பார்க்கட்டும். பிறகு எமது ஊரில் அப்படி அனுப்பப்பட்ட பெண்களின் முகங்கள் ஒன்றிரண்டு அவர்களுக்கு நினைவில் வரக்கூடும். எழுதுகிறவர்கள் அந்த முகங்களிலிருந்து தொடங்கலாம்.